பிரேக் டீச்சர் இரவலுக்குக் கிடைப்பார்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கழுவியது. மகன் ஏணியில் நின்றான். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகன் லிஃப்ட் பராமரிக்கும் பொறியாளன். அடுக்குமாடிகளின் உச்சியில், கீழே பார்த்தால் இருட்டு மட்டும் தெரியும் இடத்தில் நின்று சம்பளம் வாங்குகிறவன். வீட்டு ஏணிக்கு மட்டும் அவனுக்குத் துணை தேவை என்பது அம்மாவின் முடிவு.

"வலப்பக்கம் சாயாதே."

"சாயலம்மா."

"சாஞ்ச. பாத்துட்டுத்தான் சொல்றேன். கண்ணாடியப் பாத்துட்டுச் சாய்."

"ஏணியில ஏதும்மா கண்ணாடி?"

"அதான் சொல்றேன். கண்ணாடி இல்லாத எடத்துல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

கழற்றிய திருகு ஒன்று அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அம்மா வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தினாள். திருகு நிற்கவில்லை. நேராக ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"பிரேக் புடிக்கல," என்றாள்.

அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே போய்விட்டாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மகன்தான் மூடினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் அவள் நூலகத்தில் குடியிருந்த அந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அம்மா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியை. கற்றுத்தரும் காரில் பக்கத்து சீட்டுக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு தெய்வத்தைக் கூப்பிடும்போது ஆசிரியர் அதை அழுத்துவார். முப்பது வருஷம் அழுத்தியதில் அம்மாவின் வலது கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆபத்து எங்கே வந்தாலும் அது தானாக அழுத்தும். தொலைக்காட்சியில் யாராவது படிக்கட்டில் வேகமாக இறங்கினால் அழுத்தும். முடிவெட்டும் கடையில் கத்தரி காதுக்குப் பக்கத்தில் வந்தால் அழுத்தும். பக்கத்தில் யாராவது விருந்தில் மூன்றாவது முறை இனிப்புக்குக் கை நீட்டினாலும் அழுத்தும். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். அது காதில் விழுந்தபோது அம்மா கோபப்படவில்லை. "கிளட்ச் டீச்சர்னு வெக்காம விட்டாங்களே," என்றாள்.

முழங்கால் வலி வந்ததும் வேலையை விட்டாள். அப்போது ஆரம்பித்தது வினை. வீட்டில் இருந்தபடியே ஓட்டுநர் பயிற்சி நடந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் நின்று, கீழே வண்டி நிறுத்துகிறவர்களுக்கெல்லாம் "ஒடி, ஒடி, இன்னும் ஒடி, நேர் பண்ணு" என்று குரல் கொடுத்தாள். எதிர்வீட்டு மாமா ஒருநாள் மகனை லிஃப்டில் மடக்கினார்.

"தம்பி, நான் இருபது வருஷமா அதே எடத்துலதான் வண்டி நிறுத்துறேன். இப்பல்லாம் அம்மா சொல்லலன்னா எனக்கு நிறுத்தவே வர மாட்டேங்குது. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழியை மழை பண்ணியது. மருந்துக் கடைக்குப் போன அம்மா மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினாள். வாசலில் ஒரு பெரிய அட்டை வைத்திருந்தார்கள்: இந்த மாதம் முழுவதும் அனைவருக்கும் இலவச நிகழ்ச்சிகள். உள்ளே மேஜைக்குப் பின்னால் நூலகர் உட்கார்ந்திருந்தார். நெடுங்காலம் புத்தகங்களுக்கு நடுவே இருந்ததில் அவருக்குக் குரல் என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. எதையும் ரகசியம் போலத்தான் சொல்வார்.

"எது எது இலவசம் தம்பி?" என்றாள் அம்மா. என்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அடுக்குக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாமே இலவசம்மா," என்று கிசுகிசுத்தார் நூலகர்.

"என்ன?"

"எல்லாமே."

"அப்ப எல்லாத்துலயும் என்னைப் போட்டுக்கோ."

அன்று மாலை மகனிடம், "சும்மா குடுக்கறாங்கடா. வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றாள்.

முதலில் குழந்தைகள் கதை நேரம். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அம்மா ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். கதை சொல்ல வந்த பெண், காட்டில் ஒரு கரடி லாரி ஓட்டிக்கொண்டு போகும் கதையை ஆரம்பித்தார். கரடி லாரியைக் கிளப்பியதும் அம்மா கையைத் தூக்கினாள்.

"கரடி பெல்ட் போடல."

கதை சொல்கிறவர் சிரித்தார். "போட்டுச்சுன்னு வெச்சுக்கலாம்."

"வெச்சுக்க முடியாதும்மா. படத்துல இல்ல."

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். இல்லைதான். அதற்குப் பிறகு கரடி எங்கே போனாலும் பிள்ளைகள் கோரஸாக "பெல்ட்டு! பெல்ட்டு!" என்றார்கள். கரடி கடைசிவரை தேன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு குழந்தை வீட்டுக்குப் போகும் வழியில் தன் தாத்தாவின் சக்கர நாற்காலியை நிறுத்திச் சோதனை போட்டதாக மறுநாள் புகார் வந்தது.

அடுத்து கைக்குழந்தைகளுக்கு உடம்பு பிடித்துவிடும் வகுப்பு. மகன் வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"உடனே லைப்ரரிக்கு வா. அவசரம்."

பதறியடித்து, க்ரீஸ் கையோடு ஓடி வந்தான். மாடி அறையில் தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் விரிப்பில் ஒரு குழந்தை. அம்மாவுக்கு முன்னால் வெறும் விரிப்பு. நூலகர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டான் பாரு," என்றாள் அம்மா. "கொழந்த இல்லாம உக்கார முடியாதுன்னு சொன்னியே தம்பி. இதான் என் கொழந்த."

நூலகர் மகனைப் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். "ஒரு வயசுக்குள்ள இருக்கணும்மா."

"அட்டையில போடலையே."

"கைக்குழந்தைன்னு போட்டிருக்கே."

"என் கைக்கு இவன் இன்னும் கொழந்ததான். படுடா."

மகன் படுக்கவில்லை. வந்த வழியே திரும்பினான். பின்னால் ஒரு தாய் சிரித்ததில் அவள் குழந்தை விழித்து அழுதது. அதைப் பார்த்து எல்லாக் குழந்தைகளும் அழுதன. பிறகு கேள்விப்பட்டது: அம்மா கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதி ஒன்றை விரிப்பில் படுக்கவைத்து வகுப்பை முடித்திருக்கிறாள். எண்ணெய்க் கிண்ணம் அவள் பக்கம் வந்தபோதுதான் நூலகர் குறுக்கே பாய்ந்தாராம். "எண்ணெய் மட்டும் வேண்டாம்மா, எண்ணெய் மட்டும் வேண்டாம்!" அப்போதும் கிசுகிசுப்புதான்.

இப்படி மாதம் ஓடியது. ஓவியம், செடி வளர்ப்பு, சதுரங்கம், சேர்ந்திசை என்று எதையும் விடவில்லை. சதுரங்கத்தில் எதிராளி குதிரையை நகர்த்தும்போதெல்லாம் கால் அழுத்தியதால், அவர் ஏதோ தப்பு செய்கிறோம் என்று பயந்து தோற்றார்.

மாதக் கடைசி நிகழ்ச்சிக்கு மனிதப் புத்தகம் என்று பெயர். ஊரில் உள்ளவர்கள் சிலர் புத்தகமாக வந்து உட்கார்வார்கள். நெஞ்சில் தலைப்பு எழுதிய அட்டை. வருகிறவர்கள் பிடித்த ஆளை இரவல் வாங்கி, எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்கலாம். அம்மா வாசகராகப் பதியவில்லை. புத்தகமாகப் பதிந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் குறைத்துப் பேசினாள்.

"எத்தன பேர் பக்கத்துல உக்காந்திருப்பேன் சொல்லு? ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்திருப்பாங்களா?"

"ஏம்மா பாக்கல?"

"பாத்தா நானே திட்டுவேனே, ரோட்டப் பாருன்னு. இப்ப கடையில எதுக்க வந்தா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. குரல் குடுத்தாத்தான் நடுங்கறாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாராச்சும் ஒருத்தர் எதுக்க உக்காந்து, என்னைப் பாத்து, உன் கதையச் சொல்லுன்னு கேக்கட்டுமே. ஒரே ஒருத்தர் போதும்."

மகன் ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "கேப்பாங்கம்மா," என்றான்.

அந்த நாள் வந்தது. விசேஷத்துக்கு எடுத்து வைத்திருந்த உடையில் அம்மா தன் மேஜையில் உட்கார்ந்தாள். அட்டையில் 'பக்கத்து சீட்' என்று தலைப்பு. அவளுக்கு இடப்பக்கம் கப்பல் சமையல்காரர் ஒருவர். வலப்பக்கம், இரண்டு முறை மின்னல் தாக்கிப் பிழைத்தவர்.

மின்னல்காரருக்கு அடுத்த மேஜை கிடைத்தது கொடுமை. கதவு திறந்ததும் கூட்டம் அவரிடம் மொய்த்தது. வரிசை செய்தித்தாள் மேஜையைத் தாண்டி கழிப்பறை வரை நீண்டது. கழிப்பறைக்குப் போக வந்தவர்களும் அதுதான் வரிசை என்று நின்று, கடைசியில் மின்னல்காரரிடம் வந்து சேர்ந்து, திகைத்து, வந்ததற்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். கப்பல் சமையல்காரருக்கும் ஆள் இருந்தது. அம்மாவிடம் ஒருவர்கூட வரவில்லை.

அம்மா முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அட்டையைத் திருப்பி, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஒருவர் நேராக அவளை நோக்கி வந்தார். அம்மா முகத்தில் விளக்கு எரிந்தது.

"இந்த நாற்காலி காலியாங்க?"

"காலிதான். உக்காருங்க."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மின்னல் வரிசைக்குப் போய்விட்டார்.

ஒரு புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் வெளியே வந்தான். நேராக நூலகரிடம் போனான். "எனக்கு பக்கத்து சீட் வேணும். இரவல்."

நூலகர் சங்கடமாக நெளிந்தார். "வீட்டுல இருக்கற புத்தகத்த இங்க எடுக்க முடியாது சார். விதி."

அம்மாவின் காதுக்கு இது எட்டிவிட்டது. "தெனமும் ஓசியில படிக்கிறவனுக்கு இங்க என்னடா வேல? போ அந்தப் பக்கம்." குரல் கம்பீரமாகத்தான் வந்தது. கண் அவன் பக்கம் வரவில்லை.

மகன் மறுபடியும் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

அப்போதுதான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். மின்னல் வரிசையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவின் அட்டையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க டிரைவிங் சொல்லித்தர்றவங்களா?"

"ஆன்ட்டின்னா எறங்கிடுவேன். டீச்சர்."

"டீச்சர், எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு, வண்டி இருக்கு. தைரியம் மட்டும் இல்ல. கார் வீட்டு வாசல்லயே நிக்குது, பூனை குட்டி போட்டிருக்கு அதுக்கு அடியில. உங்களை எடுத்துக்கலாமா?"

நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து அவளை எதிரே உட்காரவைத்தார்கள். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்து, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"சாப்டியா?" என்றாள்.

"சாப்டேன் டீச்சர்."

அம்மா கூரையைப் பார்த்தாள். மேஜையைத் துடைத்தாள். நெற்றி வேர்த்தது. இத்தனை நாள் காத்திருந்து ஒரு வாசகர் கிடைத்து, புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்ட முடியவில்லை.

"டீச்சர், ஏதாச்சும் சொல்லுங்களேன்."

"இப்படி என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா எப்படிம்மா பேசறது? முன்னாடி பாரு!"

"முன்னாடி நீங்கதானே டீச்சர் இருக்கீங்க."

அம்மா எழுந்தாள். நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இப்போது இருவருக்கும் முன்னால் வார இதழ் அடுக்கு மட்டும்தான் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அம்மாவின் தோள் இறங்கியது.

"ம். இப்பக் கேளு," என்றாள்.

மடை திறந்தது. அந்தப் பள்ளியில் கணக்கு எழுதத்தான் அவள் சேர்ந்தாள். ஆசிரியர் ஒருநாள் வரவில்லை. சும்மா பக்கத்தில் உட்காருங்கள் போதும் என்றார் முதலாளி. முதல் மாணவர் வண்டியை ஒரு பூக்கடைக்குள் விட்டார். கண்ணாடி முழுக்கப் பூ, எதிரே ஒன்றும் தெரியவில்லை, அவர் மட்டும் வைப்பரைப் போட்டுவிட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்குப் பயமே இருக்காதா டீச்சர்?"

"யாரு சொன்னா? தெனமும் காலையில வயித்தக் கலக்கும். கைக்கொழந்தைய வீட்டுல விட்டுட்டு, யாருன்னே தெரியாதவங்க கையில உசுரக் குடுத்துட்டு உக்காருவேன். மூஞ்சியில காட்டுனா ஓட்டறவங்களுக்குப் பயம் ஒட்டிக்கும். அதான் எல்லாப் பயத்தையும் காலுக்கு அனுப்பிட்டேன்."

மகன் இதை அன்றுதான் முதல்முறை கேட்டான். வீட்டில் அவன் எப்போதும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறான்.

அம்மா அந்தப் பெண்ணின் கையில் கப்பல் சமையல்காரர் கொண்டுவந்திருந்த ஒரு வட்டமான தட்டைக் கொடுத்து, ஸ்டியரிங்காகப் பிடிக்கச் சொன்னாள். பாடம் தொடங்கியது. மின்னல் வரிசையில் கால் கடுக்க நின்றிருந்த இருவர், நாற்காலிகளை இழுத்து இவர்களுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருவர். கதை நேரத்துப் பிள்ளைகள் ஓடி வந்து, "பெல்ட்டு! பெல்ட்டு!" என்று கத்திக்கொண்டே ஏறினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பஸ் ஆகிவிட்டது. அம்மா வலப்பக்கம் திரும்பச் சொன்னால் மொத்த பஸ்ஸும் சாய்ந்தது.

நூலகர் ஓடி வந்தார். "டீச்சர், இது லைப்ரரி..."

"ஏறறதா இருந்தா ஏறு தம்பி. வழியில நிக்காதே."

நூலகர் ஏறினார். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

"நாய் குறுக்க வருது!" என்றாள் அம்மா. காலை அழுத்தினாள். பஸ் முழுக்க முன்னால் குலுங்கியது.

"ஐயோ!" என்று ஒரு பெரிய குரல் கூடத்தில் அதிர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நூலகர் தன் தொண்டையைத் தானே தடவிக்கொண்டிருந்தார்.

தன் மேஜையில் தனியாகிவிட்ட மின்னல்காரர் மெதுவாக எழுந்து வந்தார். "பின்னாடி ஒரு சீட் இருக்குமா?"

"நீங்க ஜன்னல் ஓரம் வேண்டாம்," என்றாள் அம்மா. "உங்க ராசி சரியில்ல."

அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்தப் பெண் நிஜ வண்டியோடு வீட்டுக்குக் கீழே வந்து ஹாரன் அடித்தாள். பூனைக் குடும்பத்துக்குப் படிக்கட்டுக்கு அடியில் வேறு வீடு பார்த்தாயிற்று. அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவாள். திரும்பி வந்து முழு விவரமும் சொல்வாள். சந்தை வீதி ஆயிற்று. பாலம் ஆயிற்று. ரவுண்டானா மட்டும் பாக்கி. நாலு பக்கமும் வண்டி வரும் இடம் என்றால் அந்தப் பெண் வண்டியை ஓரம் கட்டிவிடுவாள்.

"அடுத்த வாரம் ரவுண்டானாதான்," என்றாள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை. "பெருசா ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு விஷயம் சொல்லுவேன். அதக் கேட்டா ஜம்முனு உள்ள போயிடுவா."

"என்னம்மா அது?"

"உனக்கு எதுக்கு? அங்க போய் நின்னு சொன்னாத்தான் வேல செய்யும்."

அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து போயிருந்தது. அடுத்த ஞாயிறும் ஹாரன் கேட்டது. அம்மாவிடம் அந்தப் பெண்ணின் எண் இல்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் கையில் போன் எதற்கு என்பது அவள் கட்சி. அதனால் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மகன் கீழே இறங்கிப் போனான். கண்ணாடி இறங்கியது. "டீச்சர் எங்க? லேட் பண்ணா எனக்குத் திட்டு விழும், அவங்க பண்ணா பரவாயில்லயா?"

மகன் சொன்னான். இரண்டு வாக்கியம். அவனுக்கு அவ்வளவுதான் வந்தது.

அவள் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நெற்றி பட்டு ஹாரன் அலறியது. அவள் அழ அழ ஹாரனும் விட்டு விட்டு அழுதது. எதிர்வீட்டு மாமா பால்கனிக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மகன் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். "ரவுண்டானாவுக்குப் போலாமா?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. அம்மா ஒரு தடவ சொல்லிக் குடுத்தாங்க. தெருமுனை போறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னுடுச்சு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். சந்தை வீதி வந்தது, பாலம் வந்தது. இருவரும் முன்னால் பார்த்தபடியே இருந்தார்கள். ரவுண்டானாவின் வாயில் வண்டி நின்றது. பஸ்கள், லாரிகள், சைக்கிள்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"இங்க வந்து ஏதோ சொல்றேன்னாங்க," என்றாள் அவள். "என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மகன் யோசித்தான். கண்ணாடி பார், கிளட்ச்சை விடு, சாயாதே, பெல்ட் போடு. அம்மா சொன்ன எல்லாமே ஞாபகத்துக்கு வந்தது. இந்த இடத்துக்கான அந்த ஒன்று மட்டும் அதில் இல்லை.

"தெரியலங்க," என்றான்.

பின்னால் ஹாரன்கள் பொறுமை இழந்தன. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்டிகேட்டரைப் போட்டு, ரவுண்டானாவுக்குள் நுழையாமல், அதற்கு முன்னால் இருந்த சந்துக்குள் வண்டியைத் திருப்பினாள்.